எந்த மாசத்து மழை?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு செய்யுளைக் கொடுத்து, 'இதில் பயின்று வந்துள்ள அணி யாது?' என்று கேட்டுப் பாருங்கள். பாட்டைப் படிக்க மாட்டார்கள். 'போல' எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். 'போல', 'அன்ன', 'நிகர்', 'ஒப்ப' இவற்றில் ஒன்று அகப்பட்டால் உவமையணி. அகப்படாவிட்டால் உருவகம். நாலு பெயர் வரிசையாக அடுக்கி வந்தால் நிரல்நிறை. கொடியோ காற்றோ கண்ணில் பட்டால் தற்குறிப்பேற்றம். இந்தக் கை வைத்தியம் பாதி நேரம் பலித்தும் விடுகிறது. சங்கடமே அங்கேதான். பலிக்காத வைத்தியத்தைப் பிள்ளைகளே விட்டுவிடுவார்கள். பாதி பலிப்பதை யாராலும் விட வைக்க முடியாது.

கயத்தாறுக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மானாவாரி வெள்ளாமை. மீதிப் பேருக்கு அம்மா தீப்பெட்டி ஆபீஸ், அப்பா லாரி, இல்லையென்றால் திருப்பூர். இலக்கணத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்தது அணி. எனக்கு நடத்தச் சிரமமானதும் அதுதான். யாப்பில் சீரைப் பிரித்து, தளை பார்த்து, வாய்பாடு சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. தவறு எங்கே என்று பலகையிலேயே காட்டிவிடலாம். அணியில் பிள்ளை சரியான பெயரையே எழுதியிருக்கும், ஆனால் பாட்டுக்குள் ஒரு அடிகூட எடுத்து வைத்திருக்காது.

தேர்வில் அணிக்கு விடை எழுத ஒரு சடங்கு உண்டு. முதலில் அணி இலக்கணம், அடுத்து எடுத்துக்காட்டு, பிறகு விளக்கம், கடைசியில் அணிப்பொருத்தம். முதல் இரண்டும் மனப்பாடம். பிள்ளைக்குப் புரிந்ததா என்பது தெரிகிற ஒரே இடம் அணிப்பொருத்தம். அங்கே என்ன எழுதுவார்கள் தெரியுமா? 'இப்பாடலில் உவமை வந்துள்ளதால் இது உவமையணி ஆயிற்று.' நெருப்பு சுடுவதால் அது நெருப்பு ஆயிற்று. 2019-20 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புத் தமிழின் இரண்டு தாளும் ஒரே தாளானது. தாள் குறைந்தது, அந்த 'ஆயிற்று' மட்டும் குறையவில்லை.

பெயர்ப் பட்டியலுக்குப் பஞ்சமில்லாத மொழி நம்முடையது. வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவி 12ஆம் நூற்றாண்டில் வந்த தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. தன்மையில் தொடங்கிப் பாவிகத்தில் முடிகிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே புத்தமித்திரனாரின் வீரசோழியம் அலங்காரப் படலத்தைத் தனியாக வைத்துவிட்டது. பின்னால் மாறனலங்காரத்தில் தொகை இன்னும் ஏறியது. இந்த நூல்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பாட்டுக் கட்டுகிற ஆளுக்கு அவை பட்டறைச் சாமான்கள். எந்தச் சாமான் எங்கே தொங்குகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டு படிக்க வந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சாமான் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதில்தான் எனக்கு வருத்தம்.

வகுப்பில் நான் கையில் எடுப்பது அதற்கெல்லாம் மூத்த தொல்காப்பியத்தை. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஏழாவது உவமவியல். அங்கே அணிகளின் பட்டியல் கிடையாது, உவமை ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றைத் தொல்காப்பியர் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். எதை வைத்து ஒப்பிடுகிறாய்? வினையா, பயனா, மெய்யா, உருவா? செய்கிற செயலா, அதனால் விளையும் நன்மையா, வடிவமா, நிறமா? அவ்வளவுதான். பலகையை நாலு கட்டமாகப் பிரித்து இந்த நாலு பெயரையும் மேலே எழுதிவிடுவேன். புலியைப் போலப் பாய்ந்தான்: வினை. உடுக்கை போன்ற இடை: மெய். பொன் போன்ற மேனி: உரு. மழை போலக் கொடுக்கிற கை: பயன். புலிக்கு வரி உண்டு, வால் உண்டு. அதையெல்லாம் அந்த வீரனுக்கு ஒட்டவைக்கக் கூடாது, பாய்ச்சல் மட்டும்தான் கணக்கு. இதைச் சொன்ன உடனே பிள்ளைகளுக்கு ஒரு தெளிவு வந்துவிடும்.

ஒரு வருஷம் 'பயன்' கட்டத்தில் நின்று வள்ளலின் கையையும் மழையையும் விளக்கிக்கொண்டிருந்தேன். கைம்மாறு எதிர்பாராமல் பெய்கிற மழை, அதே மாதிரி கொடுக்கிற மனசு என்று நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான்.

"எந்த மாசத்து மழை டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"ஐப்பசி மழைன்னா சரி. மாசியில பெஞ்சா வத்தல் பூரா சண்டாப் போயிரும். அந்த மாதிரிக் குடுக்கிற ஆளா அவரு?"

கரிசல்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய கேள்வி அது. எங்கள் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைப்பார்கள். அப்போது பெய்தால் மழை தெய்வம். மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருக்கும். அப்போது ஒரு பாட்டம் பெய்தால் போதும், சிவப்பு போய் வெள்ளை விழுந்துவிடும், விலைக்குப் போகாது. மேகம் கூடினாலே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வீட்டுப் பையனிடம் மழை என்றால் வள்ளல் என்று சொன்னால், அவன் மாதத்தைக் கேட்பது நியாயம்தானே?

பதில் சொல்லாமல் பலகையை அழித்தேன். மழையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லுங்கள் என்றேன். இடி, மின்னல், வெள்ளம், சேறு, ஒழுகுகிற கூரை, மாசி மழை, லீவு, தவளை என்று பலகை நிறைந்தது. இதில் புலவர் எடுத்துக்கொண்டது எது, விட்டுவிட்டது எது என்று கேட்டேன். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார்கள். 'திருப்பிக் கேக்காது' என்ற ஒன்று மட்டும் மிஞ்சியது. புலவர் மழைக்கு மாதம் வைக்கவில்லை; மாதத்தைக் கழற்றிவிட்டுத்தான் அதை வள்ளலின் கையில் மாட்டியிருக்கிறார். அந்தப் பையன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். சங்கதி அதோடு முடியவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் பிள்ளை சொன்னது: "மாசி மழை மாதிரிக் குடுக்கிறவங்களும் உண்டு டீச்சர். எங்க மாமா அப்படித்தான். வேணும்னு நிக்கிறப்போ தர மாட்டாரு. வேண்டாதப்போ கொண்டாந்து கொட்டிட்டு ஊரெல்லாம் சொல்லுவாரு."

அதே மழை, இப்போது மாதம் சேர்ந்துவிட்டது, வேறு உவமை ஆகிவிட்டது. அன்றைக்கு நடந்தது பாடம். அதற்குப் பிறகு எந்த உவமை வந்தாலும் என் வகுப்பில் இரண்டு கேள்விதான்: எதை எடுத்தான், எதை விட்டான்? பெயர் என்ன என்பது மூன்றாவது. அதற்குள் மணி அடித்துவிட்டாலும் கவலையில்லை.

உவமை எதற்காகப் பிறக்கிறது என்பதற்கும் தொல்காப்பியர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: சிறப்பு, நலன், காதல், வலி. தாழ்த்திச் சொல்வதற்கும் உவமை உதவும் என்பதைக் 'கிழக்கிடு பொருள்' என்று சேர்த்துக்கொள்கிறார். மூக்கொழுகி நிற்கிற பிள்ளையை 'என் ராசா' என்கிற தாய்க்குக் கண் கோளாறு ஒன்றும் இல்லை; அது காதலில் பிறந்த ஒப்பு. அதே பிள்ளையை வீட்டுப்பாடம் எழுதாத அன்றைக்கு 'எருமை' என்கிற ஆசிரியர் கிழக்கிட்டுவிட்டார். இதைச் சொன்னால் வகுப்பே என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும், எருமை பின்னால் வருகிறது.

தற்குறிப்பேற்ற அணிக்குப் பாடநூலில் சிலப்பதிகாரம்தான் எடுத்துக்காட்டு. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டை மதிலில் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. உள்ளே வராதீர்கள் என்று கைகாட்டித் தடுப்பது போல ஆடுகின்றன என்கிறார் இளங்கோ. அந்த இடத்தில் 'போல்' இருக்கிறது. விடைத்தாளில் பத்துக்கு நாலு பேர் உவமையணி என்று எழுதுவது அதனால்தான். உருபைத் தேடுகிற கண்ணுக்கு அங்கே கொடி தெரியாது.

எங்கள் பள்ளி மைதானத்தில் நின்றால் காற்றாலைகள் தெரியும். கயத்தாறு வட்டாரம் முழுக்க அவைதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. அந்தப் பாடத்தை மைதானத்து வேப்ப மரத்தடியில்தான் நடத்துவேன். காற்றாடியைப் பாருங்கள், அது என்ன சொல்கிறது, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள் என்பேன். 'கரண்டு பில்லைக் கணக்குப் போடுகிறது' என்று ஒருவன் எழுதுவான். 'வானத்தைக் கரண்டியால் கிண்டுகிறது' என்று ஒருத்தி. ஒருமுறை ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'எங்கப்பா திருப்பூர் பஸ் ஏறினப்போ, போகாதே போகாதேன்னு கை ஆட்டிச்சு.'

பக்கத்தில் இருந்தவளுக்கு அது ஒப்பவில்லை. "அது வருசம் பூரா ஆடுது. உங்கப்பா போகாத அன்னைக்கும் ஆடத்தானே செஞ்சுச்சு?"

எழுதியவளுக்கு முகம் சுண்டிவிட்டது. தோற்றுப்போனோம் என்று நினைத்தாள். உண்மையில் இரண்டு பேரும் சேர்ந்து இலக்கண நூற்பாவையே சொல்லி முடித்திருந்தார்கள். தானாக நடக்கிற ஒன்று. அதன் மேல் கவிஞன் தன் மனக்குறிப்பை ஏற்றுகிறான். மதுரைக் கொடிகளும் அன்று முழுவதும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். எத்தனையோ வணிகர்கள் அதே வாசல் வழியாகப் போய், மிளகு விற்று, சோறு தின்று, சுகமாக வீடு திரும்பியிருப்பார்கள். அவர்களைப் பார்த்தும் கொடி அதே மாதிரிதான் ஆடியது. கோவலன் திரும்பி வர மாட்டான் என்று இளங்கோவுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், கொடிக்குத் தெரியாது. தெரிந்தவர் தன் பதைப்பைக் கொடியின் கையில் கொடுத்துவிடுகிறார். சற்று முன்னால் வையை ஆற்றையும் அப்படித்தான் செய்கிறார்: ஆறு பூக்களைப் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைத்துக்கொண்டது என்கிறார். இதைச் சொன்ன பிறகு அந்தப் பெண் தன் வரியை அழிக்காமல் வைத்துக்கொண்டாள். 'போல்' இருந்தும் இது ஏன் உவமை இல்லை என்று அந்த வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் கேட்டால் எல்லாருமே சொல்வார்கள்: மதிமுகம் உவமை, முகமதி உருவகம். எப்படி என்று கேட்டால், 'மாறி வந்தா உருவகம் டீச்சர்.' எதிலிருந்து மாறி என்றால் முழிப்பு. என்னிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது: ஒரு வினையைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பது. மதிமுகம் என்ன செய்யும்? சிரிக்கும், வாடும், திரும்பிப் பார்க்கும். முகம் செய்கிற வேலைகள். முகமதி என்ன செய்யும்? உதிக்கும், ஒளிவீசும், மேகத்துக்குள் மறையும்; நிலவு செய்கிற வேலைகள். தேன்தமிழ் பேசலாம், தமிழ்த்தேன் பருகலாம். பின்னால் நிற்கிற சொல்தான் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு போகும். உவமையில் நிலவு வந்து தோற்றம் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. உருவகத்தில் நிலவு குடிபுகுந்துவிடுகிறது. முகம் அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டு ஓரமாக இருக்கிறது.

படித்துவிட்டுப் போன பிள்ளைகள் பத்து வருஷம் கழித்து போன் செய்வதும் இந்த ஒன்றுக்குத்தான். குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். ஒவ்வொன்றும் ஒன்றரை மதிப்பெண். "டீச்சர், 'கண்ணீர்க் கடல்' என்னது?" என்று இரவு ஒன்பது மணிக்கு ஒரு குரல். "நீந்திப் பாருடா" என்பேன். அவனுக்குப் போதும்.

ஏகதேச உருவகம் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். தொடர்புள்ள இரண்டில் ஒன்றை உருவகமாக்கி மற்றதைச் சொல்லாமல் விடுவது. தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் என்று வள்ளுவர் சொல்கிற குறள்தான் வழக்கமான எடுத்துக்காட்டு. கட்டளைக்கல் என்றால் பொன்னை உரசிப் பார்க்கிற கல் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் எங்கள் வகுப்பில் அந்தக் கல்லை நேரில் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். விதைப்புக்கு முன்னால் நகையை அடகு வைக்க அம்மாவோடு பேங்குக்குப் போனவர்கள். "கறுப்புக் கல்லுல செயினைத் தேய்ப்பாங்க டீச்சர். மஞ்சளா ஒரு கோடு விழும். அது மேல ஏதோ ஒரு தண்ணியைத் தொட்டு வைப்பாங்க. கோடு அழிஞ்சா கவரிங். அழியலைன்னா காசு" என்றாள் ஒருத்தி. அந்தக் கோடு அழிகிறதா இல்லையா என்று அவள் அம்மா பார்த்துக்கொண்டு நின்ற நிலையையும் சேர்த்துத்தான் சொன்னாள். அது அவள் குரலில் இருந்தது.

"சரி, குறளில் கல் இருக்கிறது. தங்கம் எங்கே?"

குறளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். தங்கம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் சொன்னாள்: "ஆளுதான் தங்கம்." உடனே பின்னால் இருந்து ஒரு குரல்: "கவரிங்கும் ஆளுதான்." பெருமைக்கும் சிறுமைக்கும் என்று வள்ளுவர் இரண்டையும் வைத்ததற்கு இதைவிட நல்ல பொழிப்பு எனக்குத் தெரியாது. சொல்லாமல் விட்ட பாதியைப் படிக்கிறவர் போட்டு நிரப்புவதுதான் அந்த அணி. நிரப்பியாகிவிட்டது, பெயர் பயமும் போய்விட்டது.

ஆகுபெயரை நான் வகுப்பில் நடத்துவதே இல்லை என்று சொல்லலாம். பஸ்ஸில் கண்டக்டர் நடத்திவிடுகிறார். "ரெண்டு கயத்தாறு எறங்கு", "கோயில்பட்டி எல்லாம் சில்லறை எடுத்து வச்சுக்கோ" என்று அவர் கத்துவதை நாளை கவனித்து எழுதி வாருங்கள் என்பதோடு இடவாகுபெயர் முடிந்தது. வஞ்சப் புகழ்ச்சிக்கும் அதிக நேரம் ஆகாது. காலை வணக்கக் கூட்டத்துக்குப் பிந்தி வருகிற பையனைப் பார்த்து, 'வாங்க கலெக்டர் சார், கார் பஞ்சரா?' என்று உடற்கல்வி ஆசிரியர் கேட்பது பிள்ளைகளுக்குப் பழக்கம். அதை முதலில் சொல்லிவிட்டு ஒளவையைக் கொண்டுவருவேன். அதியமானுக்காகத் தூது போன ஒளவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். உன் ஆயுதமெல்லாம் நெய் பூசி, மயில் பீலி சூட்டி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புறநானூற்றில் 95ஆம் பாட்டு. 'ரெண்டு பேர்ல யாரு கலெக்டர் சார்?' என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்பிலேயே பதில் வந்துவிடும்.

செத்துப்போன உவமைகள்தான் பாடு படுத்துகின்றன. உவமைத்தொடரை வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். இலவு காத்த கிளி, பசுமரத்தாணி, உள்ளங்கை நெல்லிக்கனி, சிலைமேல் எழுத்து. 'நான் இலவு காத்த கிளி போல மகிழ்ச்சியாக இருந்தேன்' என்று ஒரு பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். கிளி என்றால் சந்தோஷம்தானே என்று அது நினைத்திருக்கிறது. இலவ மரத்தை எங்கள் பக்கம் அவ்வளவாகப் பார்க்க முடியாது. போடிப் பக்கம் போன ஒரு உறவினரிடம் சொல்லி, முற்றின இலவங்காய் நாலு கொண்டுவரச் செய்தேன். பார்க்கப் பழம் மாதிரிதான் இருக்கிறது. கிளியைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் ஒருத்தியைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னேன். ஓடு விரிந்ததும் பஞ்சு குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. முடியிலும் நோட்டிலும் மூக்கிலும் பஞ்சு. நடுவில் கறுப்பாக விதைகள் சிந்திக்கிடந்தன. தின்ன ஒன்றும் இல்லை. "இதுக்கா டீச்சர் அது அத்தனை நாள் காத்துக் கெடந்துச்சு?" என்று உடைத்தவள் கேட்டாள். தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எல்லாத் தொடருக்கும் இப்படிச் சாமான் தேட முடியாது. முடிகிற இரண்டு மூன்றுக்காவது செய்ய வேண்டும்.

சிலேடை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. காளமேகத்தின் பாம்பும் எள்ளும் பற்றிச் சொன்ன மறுநாளே ஆளுக்கு ஒன்று கட்டிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் வெளியே சொல்ல முடியாதவை. 'நூல் இல்லாமப் பட்டம் கிடையாது. ரெண்டுக்கும்தான்' என்று ஒருவன் கொண்டுவந்தது மட்டும் நினைவில் நிற்கிறது.

விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு விடை வந்தது. உவமையணிக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு இல்லை. சொந்தமாக எழுதியிருந்தது: 'எங்கள் வீடு பேருந்து நிலையம் போன்றது.' விளக்கத்தில், 'உவமானம் பேருந்து நிலையம், உவமேயம் வீடு, உருபு போன்றது. பொதுத்தன்மை: எல்லோரும் வருவார்கள், யாரும் தங்க மாட்டார்கள்.' நான் முழு மதிப்பெண் போட்டேன். பக்கத்து மேசைக்காரர், விடைக்குறிப்பில் இப்படி இல்லையே என்றார். கூர்ந்தாய்வுக்குப் போனால் கேட்பார்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது; ஆயிரக்கணக்கான தாள்களை ஒரே அளவுகோலில் அளக்க வேண்டிய இடம் அது. 'உரிய எடுத்துக்காட்டு' என்றுதானே குறிப்பில் இருக்கிறது, இது உரியது இல்லை என்று காட்டுங்கள் என்றேன். பத்து நிமிஷம் பேசினோம். அந்த மேசையில் அன்றைக்கு மனப்பாடம் இல்லாத அணிப்பொருத்தம் அது ஒன்றுதான். மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை.

பிறிது மொழிதலுக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த அணி. ஒட்டு என்றும் நுவலா நுவற்சி என்றும் வேறு பெயர்களும் உண்டு. உவமையை மட்டும் சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவது. மயிலிறகுதானே என்று அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சே முறிந்துவிடும் என்கிற 475ஆவது குறள். எங்கள் பிள்ளைகளுக்கு மயிலிறகின் கனம் தெரியும். மயில் காட்டை அழிக்கிறது என்று அப்பா திட்டுவார், பிள்ளை அதே மயிலின் இறகைப் பொறுக்கி நோட்டுக்குள் வைத்துக்கொள்ளும். லாரிக்காரர் மகன் ஒருவன் குறளிலேயே குற்றம் கண்டுபிடித்தான்.

"அச்சு முறியாது டீச்சர். அதுக்கு முந்தி ஸ்பிரிங் பட்டை முறிஞ்சிரும்."

"வள்ளுவர் காலத்து வண்டியில் பட்டை கிடையாதுடா."

"அப்ப சரி. அச்சுதான் முறியும்."

எந்த இறகு அச்சை முறித்தது என்று கேட்டேன். கடைசி இறகு என்றது வகுப்பு. "எல்லா இறகும்தான். கடைசியா ஏத்துனவன் மாட்டிக்கிட்டான்" என்றான் அவன். ஓவர்லோடுக்கு அபராதம் கட்டுகிற வீட்டுப் பிள்ளை.

பிறகு அதிகாரத்தின் பெயரைப் பார்க்கச் சொன்னேன். வலியறிதல். போருக்குப் போகிற மன்னன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் துணை வருகிறவர்கள் பலத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிற இடம். குறளுக்குள் மன்னனும் இல்லை, பகையும் இல்லை. வண்டியும் இறகும் அச்சும் மட்டும். அற்பம் என்று ஒவ்வொருவராக ஒதுக்கிய எதிரிகள் ஒன்று கூடினால் என்ன ஆகும் என்பதை நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இதே குறள் வண்டிக்காரனுக்கு நல்ல யோசனை. எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பதுதான் அதை அரசனிடம் கொண்டுபோகிறது.

இதை இன்னும் நெருக்கமாகக் காட்ட எங்கள் தெருக்களில் வழி உண்டு. சாடை பேசுவது. குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது மாமியார் கோழியை விரட்டுவாள்: 'மேயுறது ஒரு வீடு, முட்டை போடுறது இன்னொரு வீடா? ச்சூ, போ!' கோழி பாட்டுக்கு இரை பொறுக்கும். அடிக்கடி அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுகிற மருமகளுக்கு முகம் சிவக்கும். சண்டைக்கும் போக முடியாது. போனால், 'நான் கோழியைச் சொன்னேன், உனக்கென்ன?' என்று கேட்டுவிடுவாள். யாரும் பிடிக்க முடியாத வசவு அது. பெண் பிள்ளைகளுக்கு இதில் உதாரணம் கேட்டால் பிரிவேளை போதாது.

மேல்நிலை வகுப்பில் உள்ளுறை உவமத்தை நான் இந்தக் கோழியிலிருந்துதான் தொடங்குகிறேன். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை வரும் என்கிறார் தொல்காப்பியர். விலங்கும் பறவையும் பூவும் மரமும் பேசாமல் பேசும், சாமியை மட்டும் இதில் இழுக்கக் கூடாது. நடத்த அகநானூற்றின் 46ஆம் பாட்டை எடுத்துக்கொள்வேன். பாடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பி வந்து வாசலில் நிற்கிற தலைவனிடம் தோழி பேசுகிறாள். அவன் ஊரைப் பற்றிப் பேசுவது மாதிரி: ஊரெல்லாம் உறங்குகிற நேரத்தில், சேற்றில் நிற்கப் பிடிக்காத எருமை ஒன்று கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு, முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டு, வயலுக்குள் இறங்கி, வள்ளைக் கொடியை மிதித்துக் கலக்கி, மீன்கள் பயந்தோட, வண்டு மொய்க்கிற தாமரைப் பூவைத் தின்கிற ஊர்.

"சாடை டீச்சர்" என்றாள் ஒருத்தி, நான் முடிப்பதற்குள்.

எருமை யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. தாமரை யார் என்பதிலும் இல்லை. கயிறு வெட்கம் என்றார்கள், கல்யாணம் என்றார்கள்; இரண்டையும் பலகையில் எழுதினேன். சேறு எது என்று கேட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. எருமைக்கு எது பிடிக்கவில்லையோ அது. "வீடு" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். தன் தோழி விளக்கேற்றி வைத்திருக்கிற வீட்டை, அவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ அப்படியே சேறு என்று தோழி சொல்லிக்காட்டுகிறாள். "கோழியை விட இது மோசம் டீச்சர், தன்னையே சேர்த்துத் திட்டிக்கிறாங்க" என்றாள் சாடை என்று முதலில் சொன்னவள்.

தகராறு வேலியில்தான் வந்தது. முள்வேலி ஊர்வாய் என்றாள் ஒருத்தி. ஊர் உறங்குகிறது என்றுதானே பாட்டில் இருக்கிறது, உறங்குகிற ஊர் எப்படி வேலியாகும் என்று மடக்கினான் ஒருவன். அப்படியானால் பொண்டாட்டியின் கோபம் என்றார்கள். கோபம் வேலி என்றால் சேற்றுக்கும் வேலிக்கும் ஒரே ஆளா, அது சரிப்படாது என்று இன்னொருத்தி. மாமனார் வீட்டு ஆட்கள் என்றான் பின்னால் ஒருவன். வேதியியல் ஆசிரியர் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேலியை அவர்கள் விடுகிறதாக இல்லை.